தண்டையார்பேட்டைத் தம்பிக்கு: எங்கிருந்து தொடங்கலாம்?

தம்பி கேட்டது இது. தண்டையார்பேட்டையில் ஒரே தெருவைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் குழு ஆரம்பிக்கிறார்கள். மாதம் ஒரு சைக்கிள் ஊர்வலம், வீட்டுக்கு வீடு சோலார், மரக்கன்று, கார் இல்லாத ஞாயிறு என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். போக்குவரத்து, வீடு, மின்சாரம் மூன்றிலும் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. வட சென்னையில் இதெல்லாம் எடுபடுமா, எங்கிருந்து தொடங்குவது?

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வயரிங் காண்டிராக்ட் எடுத்துப் பிழைத்தவன். காலடிப்பேட்டையில் வீடு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை நான் மீட்டர் பெட்டி மாட்டாத தெரு குறைவு. கடைசிப் பத்து வருஷமாகக் குடியிருப்புச் சங்கங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பதும்தான் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை.

மரக்கன்றைத் தவிர உங்கள் பட்டியல் முழுக்க அடையாறு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தென் சென்னைப் பட்டியல். கார் இல்லாத ஞாயிறு என்று எங்கள் தெருவில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். திங்கள் முதல் சனி வரைக்குமே அங்கே கார் கிடையாது. இருக்கிற இரண்டும் டிராவல்ஸ் வண்டி. சைக்கிள் ஊர்வலமும் அப்படித்தான். விடியற்காலை காசிமேட்டில் போய் நின்று பாருங்கள். கேரியரில் ஈரக் கோணி போட்டுக் கூடை கட்டிய சைக்கிள்கள், ஐஸ் பெட்டி ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டிகள், தலையில் அன்னக்கூடையோடு விறுவிறுவென்று நடக்கிற பெண்கள். ஊர்வலம் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, பேனர் மட்டும் இல்லை. (பழைய பைக் இன்ஜின் மாட்டிய மீன்பாடி வண்டி கக்குகிற புகையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது வேண்டாம்.)

சொல்ல வருவது இதுதான். வட சென்னைக்காரர்கள் ஏற்கெனவே குறைவாகத்தான் எரிக்கிறார்கள். சின்ன வீடு, இரண்டு ஃபேன், நடை, பஸ், மின்சார ரயில். நம்மைச் சுற்றி எரிவதெல்லாம் பெரும்பாலும் வேறு யாருக்காகவோ எரிகிறது. அதனால் இங்கே ஒரு குழு, ஜனங்களின் பழக்கத்தைத் திருத்தக் கிளம்பினால் எடுபடாது. இருக்கிற நல்ல பழக்கத்தை ஊர் நசுக்காமல் இருக்க வேண்டும், வேலை அங்கே இருக்கிறது.

மின்சாரத்திலிருந்து வருகிறேன், எனக்குக் கை வந்தது அது.

இந்த ஊருக்கு வெளிச்சம் கொடுத்ததே வட சென்னைதான். பேசின் பிரிட்ஜ் மின்நிலையம் வெள்ளைக்காரன் காலத்தது. அப்புறம் எண்ணூர் அனல் மின்நிலையம் 1970களில் வந்தது, 450 மெகாவாட். 2017 மார்ச்சில் அதை மூடினார்கள். அதற்குள் கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தக் கரையில் வட சென்னை அனல் மின்நிலையம் வளர்ந்துவிட்டது. முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200. வல்லூரில் 1,500. 2024 மார்ச்சில் மூன்றாம் நிலை என்று இன்னொரு 800. கூட்டினால் 4,000 மெகாவாட்டுக்கு மேல் அந்த ஒரு கழிமுகத்தைச் சுற்றி நிற்கிறது. கத்திவாக்கத்திலும் காட்டுக்குப்பத்திலும் இருக்கிறவர்கள் ஆயுசு முழுக்க ஃபேன் போட்டாலும் அதில் ஒரு துளிதான் செலவாகும்.

சாம்பல் மட்டும் இங்கேயே தங்கிவிடுகிறது. அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் வழியில் உடைவதும், கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிவதும் வருஷக்கணக்காக நடக்கிற கதை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. முகத்துவாரத்தில் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்கள் இருக்கிறார்கள். காலுக்குக் கீழே சேறு இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது என்று அவர்கள் சொல்வதற்கு நிபுணர் அறிக்கை தேவையில்லை. இறங்கி நின்றால் தெரியும்.

ராயபுரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இது உங்கள் குழுவுக்கு ரொம்ப முக்கியம்.

சென்னைத் துறைமுகத்தில் முன்பெல்லாம் நிலக்கரியும் இரும்புத் தாதும் திறந்தவெளியில் குவிந்து கிடக்கும். ராயபுரத்தில் துணி காயப்போட்டால் மாலைக்குள் கறுப்புப் படிந்துவிடும். மாடியில் வடாம் போடுவதைப் பல வீடுகளில் நிறுத்தியே விட்டார்கள். ஸ்விட்ச் போர்டைத் திறந்தால் உள்ளே மைபோல ஒரு படலம் இருக்கும், நான் ஊதி ஊதி வேலை பார்த்திருக்கிறேன். ஜனங்கள் விடவில்லை. மனு, போராட்டம், வழக்கு எல்லாம் போய், 2011இல் உயர்நீதிமன்றம் தூசு கிளப்பும் சரக்கு அங்கே கூடாது என்று சொன்னது. அந்த வருஷம் அக்டோபரோடு நிலக்கரி நின்றது. ராயபுரத்துக்கு அது நிஜமான வெற்றி. இன்றைக்கு அங்கே வெள்ளை வேட்டி காயப்போடலாம்.

ஆனால் அந்த நிலக்கரி எங்கே போயிற்று? எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ராயபுரத்து வேட்டியிலிருந்து எழுந்த தூசு அந்தத் துறைமுகத்தை ஒட்டிய காட்டுப்பள்ளிப் பக்கம் போய் உட்கார்ந்தது. வழக்குப் போட்டவர்கள் மேல் தப்புச் சொல்லவில்லை. அவரவர் வாசலை அவரவர்தான் பார்ப்பார்கள். ஆனாலும் அன்றைக்கு எண்ணூர்க்காரர்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால், இடம் மாற்று என்பதோடு மூடாக் குவியலே எங்கும் கூடாது என்றும் கேட்டிருக்கலாம். அதற்கப்புறம் எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இங்கிருந்து எடுத்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாய்?

கொடுங்கையூரிலும் இதே கேள்வி. குப்பைமேட்டை அகழ்ந்து சுத்தப்படுத்துகிறோம் என்பது நல்ல விஷயம், வேண்டியதும்தான். அதோடு சேர்த்து அங்கேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை என்கிறார்கள். அதற்குப் பசுமை என்று பெயர். 2025இல் அந்தப் பகுதிச் சங்கங்கள் சேர்ந்து மனிதச் சங்கிலி நின்றது இதற்காகத்தான். நம் வீட்டுக் குப்பையைத் தூக்கிப் பாருங்கள், பாதிக்கு மேல் ஈரம். வாழையிலை, சோறு, காய்கறித் தோல். அது எரியாது, எரிய வைக்க வேண்டியிருக்கும். நன்றாக எரிகிற பொருள் பிளாஸ்டிக். அதன் புகையைத்தான் கொடுங்கையூரும் வியாசர்பாடியும் நாற்பது வருஷமாகச் சுவாசித்து முடித்திருக்கின்றன. எனக்கு இதில் நடுநிலை கிடையாது. ஈரக் குப்பையைத் தெருவிலேயே பிரித்து உரமாக்குவது சலிப்பான வேலை, போட்டோவுக்கும் அழகாக இருக்காது. ஆனால் அதுதான் சரி.

சரி, சோலாருக்கு வருவோம். வீட்டுக்கு வீடு சோலார் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நம் பக்கத்தில் ஏசி இல்லாத வீடு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டைத் தாண்டுவதே கோடையில்தான். அந்த வீட்டுக்கு பில் இருநூற்றுச் சொச்சம் ரூபாய். அவரிடம் போய் மானியம் கழித்து நாற்பதாயிரம் போட்டு ஒரு கிலோவாட் பேனல் வையுங்கள் என்றால், அந்தப் பணத்தை எடுக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். பேனல் விற்க வருகிற பையன்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, அடுக்குமாடியில் மொட்டைமாடி யாருக்குச் சொந்தம்? இருபத்துநாலு வீட்டுக்கு ஒரு மாடி. ஒருத்தர் பேனல் வைத்தால் மற்ற இருபத்துமூன்று வீட்டுக்காரர்களும் துணி எங்கே காயப்போடுவார்கள்?

அதனால் நான் சொல்வது, வீட்டு மீட்டரை விடுங்கள். பொதுப் பயன்பாட்டு மீட்டரைப் பிடியுங்கள். மோட்டார், மாடிப்படி விளக்கு, வாசல் விளக்கு ஓடுகிற அந்த மீட்டருக்கு இலவச யூனிட் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே காசு, அதுவும் கூடுதல் கட்டணத்தில். பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 2023 அக்டோபரில் யூனிட் 8 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தார்கள். உங்கள் கட்டடம் அந்த வரம்புக்குள் வந்தும் பழைய கட்டணமே கட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சரிபண்ணுங்கள், பேனல் அப்புறம்.

இருபத்துநாலு வீடு, லிஃப்ட் இல்லை என்று வையுங்கள். ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஓடினால் நாலு யூனிட். பன்னிரண்டு எல்இடி விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தால் ஒன்றரை யூனிட்டுக்குள். ஆக ஐந்தரை. சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாள் ஒன்றுக்கு நாலு யூனிட் தரும், நூறு சதுர அடி இடம் பிடிக்கும். இரண்டு கிலோவாட் போட்டால் இந்தக் கட்டடத்துக்கு மிச்சம். 2024 பிப்ரவரியில் ஆரம்பித்த மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வீட்டுக்கு வீடு நூறு சதுர அடி மாடியும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். மோட்டாரை விடியற்காலையில் போடுகிற பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். குடிநீர் வாரியத் தண்ணீர் எப்போது வந்தாலும் தரைத்தொட்டியில் விழட்டும், மேலே ஏற்றுவதைப் பகல் பதினொன்றுக்குச் செய்யுங்கள். வெயிலில் நேராக ஓடுகிற யூனிட்தான் முழு லாபம்.

பேனலில் நம் ஊருக்கென்று இரண்டு தொல்லை உண்டு. கடல் காற்று, தூசு. எர்ணாவூர் பக்கம் ஒரு சங்கத்துக்குப் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் யூனிட் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். மேலே ஏறிப் பார்த்தால் பேனல் மேல் மாவு தூவினது மாதிரி சாம்பல் நிறம். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன், வழிந்து வந்தது டீ டிகாஷன் மாதிரி இருந்தது. பழைய பனியன் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன், துணி கறுப்பு. பதினைந்து நாளுக்கு ஒரு தரம் விடியற்காலையில், கண்ணாடி சூடாவதற்கு முன் கழுவ வேண்டும் என்று ஒரு பையனுக்கு மாதம் சின்னதாக ஒரு தொகை பேசிவிட்டோம். அப்புறம் பேனலைத் தாங்கும் சட்டத்துக்குச் சாதாரண பெயிண்ட் அடித்த இரும்பை வைத்தவன் இரண்டே மழைக்காலத்தில் அழுதான். துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு என்று எழுதி வாங்குங்கள், வெறும் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

பேனலைவிட மலிவான ஒன்று சுண்ணாம்பு. மேல்மாடி வீட்டில் மே மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேன் போட்டால் அடுப்புக் காற்று வரும், ஏனென்றால் பகல் முழுக்கக் கான்கிரீட் குடித்த வெயிலை அது அப்போதுதான் துப்புகிறது. மார்ச் கடைசியில் மொட்டைமாடியில் மூன்று கோட் வெள்ளை அடித்தால் வித்தியாசம் கையால் தொட்டாலே தெரியும். குடிசை மாற்று வாரிய வீடு என்றால் வாரியத்திடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். பேனலுக்கு எழுத்தில் அனுமதி இல்லாமல் கை வைக்கவே கூடாது.

இப்போது வீடு. போக்குவரத்தையும் மின்சாரத்தையும் தீர்மானிப்பதே இதுதான் என்பது என் கட்சி.

குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற வாசகம் இன்றும் பழைய பிளாக்குகளின் நெற்றியில் இருக்கும். 2021இல் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. ஜனங்களுக்கு இன்னும் அது ஹவுசிங் போர்டுதான். ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மூன்று மாடி கட்டிக் கொடுத்தார்கள். வீடு சின்னது, சுவர் மெல்லிசு, குறை ஆயிரம் சொல்லலாம். ஆனால் துறைமுகத்துக்கு நடந்து போகலாம், மார்க்கெட்டுக்கு நடந்து போகலாம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. பிற்பாடு இருபது வருஷமாகக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்குத் தெற்கே கொண்டுபோய் இறக்கினார்கள். ராயபுரத்திலிருந்து பெரும்பாக்கம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. நடந்து வேலைக்குப் போனவர் ஒரே நாளில் இரண்டு பஸ் மாறுகிறவர் ஆகிவிடுகிறார். கொஞ்ச நாளில் கடன் வாங்கி ஒரு டூவீலர். அந்தக் குடும்பத்தின் பெட்ரோல் செலவை உண்டாக்கியது அவர்களுடைய பழக்கமா, ஒதுக்கீட்டு ஆணையா? போக்குவரத்துத் திட்டம் என்று தனியாக எதைத் தீட்டினாலும் இந்தக் கணக்கை அது சரிக்கட்டாது.

அதனால் இருக்கிற இடத்திலேயே மறுகட்டுமானம் என்பதுதான் வட சென்னையின் மிகப் பெரிய பசுமைத் திட்டம். யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. 2021 டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடு கொண்ட வாரிய பிளாக் அப்படியே உட்கார்ந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே இறங்கியதால் ஒரு உயிரும் போகவில்லை. அதற்குச் சில மாதம் முன்பு புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதுசாகக் கட்டிய அடுக்குமாடியில் பூச்சு விரலால் சுரண்டினால் உதிர்ந்தது, ஐஐடி வரை ஆய்வுக்குப் போனது. ஒன்று பழசாகி விழுந்தது, இன்னொன்று புதுசிலேயே உதிர்ந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் நாம் மறுகட்டுமானம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2023 பட்ஜெட்டில் ஆயிரம் கோடி என்று அறிவித்த வட சென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தொடங்கும்போது 4,000 கோடியைத் தாண்டியிருந்தது. பணம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. என்ன கட்டுகிறார்கள் என்று பார்க்க ஆள்தான் வேண்டும்.

உங்கள் பகுதியில் ஒரு பிளாக்கை இடிக்கப் போகிறார்கள் என்றால், அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல் காற்று வரும். ஒரே பக்கம் ஜன்னல் வைத்தால் அது வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும், எதிர்ச் சுவரில் போக வழி வேண்டும். கீழ்த்தளத்தில் மீன்பாடி வண்டியும் தள்ளுவண்டியும் இஸ்திரி வண்டியும் நிறுத்த இடம் இருக்கிறதா? கார் பார்க்கிங்குக்குக் கோடு போட்டிருப்பார்கள், தள்ளுவண்டிக்கு இருக்காது. எட்டு மாடி, பத்து மாடி என்றால் லிஃப்டுக்கான பராமரிப்புத் தொகையை யார் கட்டுவது? மூன்று மாடி வீட்டில் லிஃப்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இது புதுச் செலவு. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று வாரியம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. குடியிருப்போர் சங்கம் பதிவு செய்து பராமரிப்புத் தொகை வசூலித்தால் அதே அளவு அரசும் போடும். இதைச் சரியாக நடத்துகிற சங்கம் இருக்கிற இடத்தில் லிஃப்ட் ஓடுகிறது, இல்லாத இடத்தில் மூன்றாம் மாதமே கட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். கணக்கு எழுதத் தெரிந்த ஒரு அக்காவைப் பொருளாளராகப் போடுங்கள். தலைவர் யாராக இருந்தாலும் பரவாயில்லை.

சாலை உயரம் பற்றி ஒரு வரி. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு வண்ணாரப்பேட்டையில் வீடுகள் இரண்டு படி இறங்கிப் போகிற மாதிரி ஆகிவிட்டன. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்கிறார். தார் லாரி வருகிற அன்று அந்த உத்தரவின் நகலோடு தெருமுனையில் நாலு பேர் நின்றால் போதும்.

போக்குவரத்தில் வட சென்னைக்குக் கிடைத்தது ரொம்பக் குறைவும் இல்லை, நிறையவும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. இன்றைக்குக் கும்மிடிப்பூண்டிப் பாதையில் சரக்கு ரயிலுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் வழிவிட்டு வழிவிட்டு லோக்கல் நிற்கிறது. தாம்பரம் பாதை மாதிரி அடுத்தடுத்து வண்டி கிடையாது. மெட்ரோ 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து நேராகத் தெற்கே இணைந்தது, 2021 பிப்ரவரி 14இல் விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டர் நீண்டது. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் விட்டார்கள். அந்தப் பேருந்துக்கான மின்சாரம் எண்ணூரில் எரிகிறதே என்று என் நண்பர் ஒருவர் கேலி செய்வார். உண்மைதான். ஆனாலும் பள்ளிக்கூட வாசலில் டீசல் புகை இல்லை, முழங்கால் வலிக்காரர் ஏற முடிகிறது. எனக்கு அது போதும்.

குறை இருப்பது ரயிலிலும் பஸ்ஸிலும் அல்ல, அங்கே போய்ச் சேருகிற அரைக் கிலோமீட்டரில். மெட்ரோ நிலையத்தின் படியில் கிரானைட் பளபளக்கும். படியை விட்டு இறங்கினால் திறந்த சாக்கடை மூடி, டிரான்ஸ்ஃபார்மர், நிறுத்தின வேன், அதைச் சுற்றிக் கண்டெய்னர் லாரி ஓடுகிற சாலையில் இறங்கி நடக்க வேண்டும். 2014இலேயே மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் என்று கொள்கை வகுத்தது. இந்தியாவிலேயே முதல் நகரம் நாம்தான். அதன் பலனை நீங்கள் பாண்டி பஜாரில் போய்ப் பார்க்கலாம்.

உங்களுக்குப் போன வருஷம் நாங்கள் செய்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு பஸ் நிறுத்தம். நிழற்குடை ஒரு இடத்தில் இருக்கும், பஸ் நிற்பது முப்பது நாற்பது தப்படி தள்ளி, ஏனென்றால் நிழற்குடைக்கு எதிரில் லாரிகள் திரும்பும். ஜனங்கள் வெயிலில், சாலை ஓரக் கோட்டில் நிற்பார்கள். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டோம். கடைசியில் மூன்று பேர் மூன்று நாள் காலை ஆறு முதல் ஒன்பது வரை நின்று எண்ணினோம். நோட்டில் நாலு பத்தி. நிற்கிறவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், நிற்காமல் போன பஸ் எது, போன கண்டெய்னர் லாரி எத்தனை. நாங்களே எதிர்பார்க்காத ஒன்று அதில் தெரிந்தது. ஆறரைக்கு முன் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆபீஸ் பெருக்குகிறவர்கள், வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், ஹோட்டலில் காய் நறுக்குகிறவர்கள். 2021இல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்ததிலிருந்து ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு வந்தவர்கள். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் அவர்களுக்கான பஸ் ஒன்றே ஒன்று. அது வரும்போதே நிரம்பி வரும், சில நாள் நிற்காமலே போகும்.

அந்த மூன்று பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, மேலே ஐந்து வரி எழுதி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்தோம். அதுவரை எங்களைப் பார்த்து நிமிராத அதிகாரி நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். 'யார் எண்ணினது?' என்று கேட்டார். எங்களோடு வந்த பூக்கார அம்மா, 'நான்தான் எண்ணினேன், எனக்கு எண்ணத் தெரியாதா' என்றார். நாலு மாதம் கழித்து ஆறு பத்துக்கு ஒரு டிரிப் கூடுதலாக வந்தது. நிழற்குடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

கண்டெய்னர் லாரி விஷயம் உங்கள் குழுவால் தீராது. துறைமுகம், நெடுஞ்சாலை, மாநகராட்சி, காவல்துறை என்று நாலு கைக்கு நடுவில் அது கிடக்கிறது. துறைமுகத்திலிருந்து மதுரவாயல் போக வேண்டிய பறக்கும் சாலைக்கு 2009இல் ஒரு அடிக்கல், 2022இல் இன்னொரு அடிக்கல். துறைமுகத்தின் ஜீரோ கேட் முன் வரிசையில் ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்குகிற டிரைவரைத் திட்டாதீர்கள், அவரும் நம்மைப் போல மாட்டிக்கொண்டவர். பள்ளி நேரத்தில் எந்தெந்தச் சந்தில் லாரி நுழையக் கூடாது என்று நேரக் கட்டுப்பாடு கேட்பது மட்டும் உங்கள் கைக்கு எட்டும்.

இதையெல்லாம் எங்கே போய்ப் பேசுவது? 2022இலிருந்து வார்டுகளில் பகுதி சபை என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. பல இடத்தில் கவுன்சிலருக்கு வேண்டியவர்களோடு முடிந்துவிடும். இருந்தாலும் போங்கள், எழுத்தில் கொடுங்கள், கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று கேளுங்கள். ஏறவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு, முப்பது நாளில் பதில் வர வேண்டும். பெரிய ஆலை, மின்நிலையம் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. முப்பது நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், திட்டச் சுருக்கத்தைத் தமிழிலும் வைக்க வேண்டும் என்பது 2006ஆம் வருஷ அறிவிக்கை. எண்ணூரில் புதிதாக 660 மெகாவாட் நிலக்கரி அலகுக்கு 2024 டிசம்பரில் எர்ணாவூரில் அப்படிக் கூட்டம் நடந்தது. மைக்கைப் பிடித்து ஆவேசமாகப் பேசியவர்கள் பலர். தமிழ்ச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் சாம்பல் எங்கே போகும் என்று போடவில்லையே என்று கேட்பவர் பேச்சுத்தான் பதிவில் தங்கும். சென்னைக்கு 2023இல் ஒரு காலநிலைச் செயல்திட்டம் போட்டு 2050க்குள் கார்பன் சமநிலை என்று எழுதியிருக்கிறார்கள். அதன் ஒரு பிரதியையும் பையில் வையுங்கள். ஒரே ஊரில் ஒரு கை எழுதியதை இன்னொரு கைக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

ஆக, என் யோசனை. சைக்கிள் ஊர்வலத்தைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள், அப்போதாவது வெயில் இருக்காது. இந்த வாரம் உங்கள் தெருவுக்குப் பக்கத்து பஸ் நிறுத்தம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கட்டடத்தின் பொது மீட்டர் பில் கடைசி ஆறு மாதத்துக்கு எடுத்து வையுங்கள், எனக்கு அனுப்பினால் எத்தனை கிலோவாட் என்று சொல்கிறேன். பக்கத்தில் இடிக்கப் போகிற பிளாக் இருந்தால் அதன் எண்ணையும் எழுதுங்கள். எண்ணப் போகிறவர்களில் ஒருவராவது அந்த நிறுத்தத்தில் தினமும் நிற்கிற பெண்ணாக இருக்கட்டும். நோட்டுக்குக் கட்டம் நான் போட்டுத் தருகிறேன். காலை ஆறுக்கே நிற்க வேண்டும், ஆறரைக்குப் போனால் பாதிப் பேர் போயிருப்பார்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள், நிழற்குடையை நம்பிப் போகாதீர்கள்.